கறையைவிட ஈரம் பொல்லாதது

தொலைநோக்கியில் பொருத்தும் ஒளிவடிகட்டியில் ஒரு கறை தெரிந்ததும் கை தானாகவே சட்டை நுனியைத் தேடும். மூக்குக்கண்ணாடி துடைத்துப் பழகிய கை அது. ஆனால் அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. ஐதரசன் அல்பா வடிகட்டியையே எடுத்துக்கொள்வோம். 656.3 நனோமீற்றர் அலைநீளத்துச் சிவப்பையும் அதன் இருபக்கத்துச் சிறு பகுதியையும் உள்ளே விட்டு, தெருவிளக்கும் நிலவும் கொட்டும் மற்ற வெளிச்சத்தையெல்லாம் அது திருப்பி அனுப்பிவிடுகிறது. இந்தத் தேர்வைச் செய்வது கண்ணாடி அல்ல. அதன்மேல் வெற்றிடத்தில் அடுக்கடுக்காகப் படியவைத்த படலங்கள்தான் செய்கின்றன. ஒரு படலத்தின் தடிப்பு ஏறத்தாழ மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சட்டையில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துணுக்கு அதை உழுதுவிட ஒரே இழுப்புப் போதும். தமிழ்நாட்டுக் காவலூரில் உள்ள 2.34 மீற்றர் தொலைநோக்கியின் ஆடி மங்கினால், பழைய அலுமினியப் பூச்சைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் பூசலாம். அதற்கான வசதி அந்த ஆய்வகத்திலேயே இருக்கிறது. வடிகட்டிக்கு மறுபூச்சு என்ற பேச்சே இல்லை. கீறினால் கீறியதுதான்.

ஆகவே அனுபவசாலிகள் பலரும் சொல்லும் முதல் விதி, தூசியைக் கண்டுகொள்ளாதே என்பது. கணக்கும் அவர்கள் பக்கம்தான். 48 மில்லிமீற்றர் விட்டமுள்ள வடிகட்டியில் 1 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பொட்டு இருந்தால், அது மறைக்கும் ஒளி 2300இல் ஒரு பங்கு. எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. புகைப்படக் கருவியின் உணரிக்கு அருகில் வடிகட்டியைப் பொருத்தினால் தூசியின் நிழல் வளையமாக விழும் என்பது உண்மை; சீராக வெளிச்சமூட்டிய பரப்பை அதே நிலையில் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால், கணினி அந்த வளையத்தைக் கழித்துவிடும். கீறலோ ஒளியைச் சிதறடிக்கும். பிரகாசமான விண்மீனைச் சுற்றி அது உண்டாக்கும் மங்கல் ஒளியைக் கழிக்க அப்படி எளிதான வழி கிடையாது.

இந்த விதியில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் பாதியளவே. அரிசோனா போலவோ சிலி நாட்டு அட்டகாமா போலவோ வறண்ட நிலங்களுக்கு அது முழுதாகப் பொருந்தும். நம் இலங்கை மலையகம் அப்படியல்ல. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டனும் மஸ்கெலியாவும் தென்மேல் பருவமழையை நேராக வாங்கும் சரிவுகளில் இருக்கின்றன. இங்கே மூடுபனி சன்னலைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். தொடாமல் விட்ட விரல் ரேகை இந்தக் காற்றில் சும்மா கிடக்காது. அதிலுள்ள எண்ணெய்ப்பசை பூஞ்சணத்துக்குத் தீனி. காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் நின்றால், சிலந்தி நூல்போல இழைகள் ஓடத் தொடங்கும். அவை கக்கும் அமிலம் படலத்தை அரித்துவிடும். பிறகு இழையைத் துடைத்தெடுத்தாலும் அதன் தடம் போகாது. பனித்துளி தூசியைக் கரைத்து உலர்ந்து வளையமாக நிற்பதும், லயத்துச் சமையலறையில் விறகுப்புகை ஒட்டும் பசையாகப் படிவதும் இதே வகைதான். உலர்ந்த தூசியை விட்டுவைக்கலாம், பசையுள்ள கறையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே மலையகத்துக்கு ஏற்ற விதி.

பசையை எடுக்கும்போது வரிசை முக்கியம். வடிகட்டியைக் குப்புறப் பிடித்து றப்பர் ஊதுபந்தால் முதலில் தூசியை விரட்ட வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி சேரும். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் எது பொடி, எது பசை என்பது தெரிந்துவிடும். லென்ஸ் துடைக்கும் மெல்லிய கடதாசியை மடித்து, தூய ஐசோபுரொப்பைல் அற்ககோலை ஒரு துளி கடதாசியில் விட வேண்டும். கண்ணாடியின் மேலேயே விட்டால் அது உலோக வளையத்துக்குள் இறங்கி, அங்குள்ள அழுக்கையும் கரைத்துக்கொண்டு திரும்ப வரும். ஒரு விளிம்பிலிருந்து எதிர்விளிம்புவரை அழுத்தாமல் ஒரே இழுப்பு; அந்தக் கடதாசியை எறிந்துவிட்டு அடுத்த இழுப்புக்குப் புதியது. பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போதாதா என்று கேட்பார்கள். அதில் சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். ஒரு பசையை எடுத்து இன்னொன்றைப் பூசியதாக முடியும். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கரைந்த உப்பை விட்டுச்செல்லும், அதனால் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். பழைய மென்பூச்சு வடிகட்டிகளுக்கு இந்தத் துடைப்பும் ஆகாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கொடைக்கானலும் மூடுபனி மலைதான். 2,343 மீற்றர் உயரம். 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் நூற்றாண்டு தாண்டியும் இயங்குகிறதே, நாம் மட்டும் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? அங்குள்ள சுரங்கத் தொலைநோக்கியின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். கோபுரத்தின் உச்சியிலுள்ள ஆடிகள் சூரிய ஒளியை வாங்கி, நிலத்தடியில் 60 மீற்றர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. வெயிலையும் பனியையும் நேரே தாங்குபவை மறுபூச்சுப் பூசக்கூடிய ஆடிகளே. ஒளியைப் பிரித்து ஆராயும் கருவிகள் கட்டடத்துக்குள் இருக்கின்றன. நம் வடிகட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜனவரி இரவில் குளிர்ந்த முற்றத்தில் மணிக்கணக்காக இருந்துவிட்டு, நேராக அடுப்பு எரியும் அறைக்குள் வருகிறது. வந்த மறுகணம் அதன்மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே வெளியில் வைத்தே பெட்டிக்குள் இட்டு இறுக மூடிக்கொண்டு வர வேண்டும். பெட்டி அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் பாதிக் கறைகளைப் பிறக்கவே விடாது.

ஈரம் உறிஞ்சும் மின்சார அலுமாரி எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதும் சரிதான். ஆனால் தேவைப்படுவது அலுமாரி அல்ல, உலர்ந்த காற்று. அதன் அருமையைத் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டோரில் கொழுந்தை வாட்டி, அரைத்து, கடைசியில் ஈரம் 3 சதவீதமளவுக்கு இறங்கும்வரை உலர்த்துகிறார்கள்; அந்தத் தூளைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும் என்பதால்தான் உடனே அடைத்து வைக்கிறார்கள். வடிகட்டிக்கும் காற்றுப்புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு பிடி சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறியதும் சுமார் 120 பாகை செல்சியசில் இரண்டு மூன்று மணிநேரம் சூடாக்கினால் அது மீண்டும் வேலைக்கு வரும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் சேர்மம் இருப்பதால் சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்கக் கூடாது.

சூரிய வடிகட்டித் தாள் இவை எதிலும் சேராது. கண்ணால் பார்ப்பதற்கான நல்ல தாள் சூரிய ஒளியில் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே விடும். அதைத் தேய்த்தால் உலோகப் பூச்சு உதிர்ந்து ஊசித்துளை விழக்கூடும். 2019 டிசம்பர் 26இல் வடக்கில் வளையமாகத் தெரிந்த கிரகணம் மலையகத்தில் பகுதிக் கிரகணமாகத் தெரிந்தது. அந்த ஆண்டு வாங்கிய தாள்களைப் பத்திரப்படுத்தியவர்கள் இருப்பார்கள். தாளில் சுருக்கம் இருந்தால் பரவாயில்லை. பிரகாசமான விளக்கொன்றின் முன் பிடித்துப் பார்க்கும்போது ஒரே ஒரு புள்ளியில் வெளிச்சம் கசிந்தாலும், வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். தேய்த்துச் சரிபண்ணலாம் என்று நினைக்கவே வேண்டாம். அதன் பின்னால் இருக்கப்போவது ஒரு பிள்ளையின் கண்.