கசியாத கசிவு

டீசல் ஒழுகினால் தரையில் கறை தெரியும். காற்று உள்ளே நுழைந்தால் எதுவும் தெரியாது. தாராவி 90 அடி சாலையிலிருந்து மாட்டுங்கா, செம்பூர் என்று சரக்கு டெம்போ ஓட்டுபவர்களுக்கு இது காலை நேரத்துக் கவலை. முந்தின நாள் ஒழுங்காக ஓடிய வண்டி விடிந்ததும் மக்கர் செய்யும். கைப்பம்பை நாலைந்து தடவை அழுத்தினால் கிளம்பும். சற்று ஓடி மறுபடி நிற்கும்.

காரணம் எளிமையானது. டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் குழாயினுள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. மயிரிழை விரிசல் இருந்தாலும் டீசல் சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். இரவில் வண்டி நிற்கும்போது அதே விரிசல் வழியே காற்று புக, டீசல் டாங்குக்கே இறங்கிவிடும். நாஸில் திறக்க வளிமண்டல அழுத்தத்தைப்போல் 100 மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். டீசல் அநேகமாக அமுங்காது. காற்றோ நன்றாக அமுங்கும். பம்பின் உந்துதல் அதிலேயே வீணாகிவிடும்.

இங்கேதான் பணம் கரைகிறது. 'பம்ப் போச்சு' என்று கழற்றினால் செலவு ஆயிரக்கணக்கில். வண்டி ஓடாத நாளின் வருமானமும் போச்சு. கோளாறு ஒரு தேய்ந்த செப்பு வாஷரிலோ, வெடித்த ரப்பர் குழாயிலோ இருக்கலாம்.

விஷயம் தெரிந்த மெக்கானிக் அவசரப்படுவதில்லை. கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, உயரத்தில் தொங்கவிட்டு, நேராக பம்புடன் இணைக்கிறார். இன்ஜின் சீராக ஓடினால் பம்ப் நிரபராதி. கோளாறு டாங்குக்கும் அதற்கும் நடுவில். பிறகு அந்த வழியில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் செருகிப் பார்க்கிறார். குமிழ் தெரிந்தால் ஓட்டை டாங்க் பக்கம்; தெரியாவிட்டால் பம்ப் பக்கம். இப்படியே இடத்தைச் சுருக்கிக்கொண்டு போனால் வாஷர் அகப்பட்டுவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்கள் 'அழுத்தம் குறைவு' என்று சொல்லும். காற்று எங்கே நுழைகிறது என்று சொல்லாது. அங்கும் குமிழைத்தான் தேட வேண்டும். ஆனால் இன்ஜின் ஓடும்போது அதன் உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

பம்பைக் கழற்ற ஸ்பானரை எடுக்கும்போது டிரைவர் தயங்காமல் கேட்கலாம்: "அண்ணாச்சி, கேன் வெச்சுப் பாத்தாச்சா?"