முப்பத்தாறு மாத வண்டி

2022 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், எடிசன் நகரம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் நின்ற ஏழு பேர் உட்காரும் வெள்ளை எஸ்.யு.வி.யை ஒரு இளைஞர் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு கையில் டேப்லட், இன்னொரு கையில் கிரெடிட் கார்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. பின்கதவில் இருந்த பள்ளத்தின் மேல் அட்டையை வைத்தார். பள்ளம் அட்டைக்குள் அடங்கிவிட்டது. தலையாட்டிவிட்டு அடுத்த கீறலுக்குப் போனார். பிறகு குனிந்து டயரின் வரிப்பள்ளங்களின் ஆழத்தை அளந்தார்.

மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் நாக்பூரிலிருந்து வந்திருந்த 74 வயது அப்பா. மத்திய ரயில்வேயின் கணக்குப் பிரிவில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ரயில்வே கழிவு இரும்பை ஏலம் எடுக்க வருகிறவன்கூட இத்தனை நுணுக்கமாகப் பார்க்க மாட்டானே, யார் இவன்?" என்று கேட்டார்.

குத்தகை நிறுவனம் அனுப்பிய ஆள் என்றார் மகன். வண்டியின் குத்தகைக் காலம் மாத இறுதியில் முடிகிறது. திருப்பிக் கொடுப்பதா, விலை கொடுத்து வாங்கிக்கொள்வதா, இல்லை இதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக இன்னொன்றைக் குத்தகைக்கு எடுப்பதா என்று முடிவு செய்ய மூன்று வாரம்தான் இருந்தது. மூன்று ஆண்டுகளாகத் தன் மகன் ஓட்டியது மகனுடைய வண்டி அல்ல என்பது அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவருக்கு இது விளங்கவில்லை என்றால் வியப்பில்லை. நம் ஊரில் ஒத்திக்கோ போக்கியத்துக்கோ வீடு பிடித்தால், காலம் முடிந்ததும் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வரும். அமெரிக்கக் கார் குத்தகை வேறு ரகம். மூன்று ஆண்டு முடிவில் வண்டி என்ன விலை பெறும் என்று குத்தகை நிறுவனம் முதல் நாளே ஒரு மதிப்பைக் குறித்துவிடுகிறது. இன்றைய விலைக்கும் அந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை 36 தவணைகளாகக் கட்ட வேண்டும். அதோடு வட்டி. வட்டிக்கு வட்டி என்ற பெயர்கூடக் கிடையாது. 'மணி ஃபாக்டர்' என்று 0.00125 போல ஒரு எண்ணைக் காட்டுவார்கள். அதை 2,400ஆல் பெருக்கினால்தான் ஆண்டுக்கு 3 சதவீதம் என்று தெரியும். பெருக்கிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ!

அப்பா பெருக்கிப் பார்த்தார். ஒப்பந்தத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேத்தியின் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு எழுதினார். 2019 நவம்பரில் பட்டியல் விலை 38,000 டாலர். பேரம் பேசி 36,500. முன்பணம் 2,500. மாதத் தவணை வரியுடன் 450. ஆக மூன்று ஆண்டுகளில் கட்டியது 18,700 டாலர். "இவ்வளவும் கட்டிவிட்டு உன் கையில் என்னடா இருக்கிறது?"

"ஒன்றும் இல்லைப்பா. அதுதான் குத்தகை."

அப்பா 1979ல் பஜாஜ் சேத்தக்குக்குப் பதிவு செய்தவர். ஏழு ஆண்டு காத்திருந்து 1986ல் வண்டி வந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டு 2009ல் தெரிந்த மெக்கானிக்குக்கு விற்றபோது, வீட்டுக்குள் போய் அம்மாவுக்குத் தெரியாமல் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவர் மகன் மூன்றாண்டுக்கு ஒரு வண்டி மாற்றுகிறான் என்றால் அவர் மனதில் ஓடியது கணக்கு மட்டுமாக இருந்திருக்காது.

ஆனால் மகன் குத்தகைக்கு எடுத்ததற்குக் காரணம் இருந்தது. மென்பொருள் பொறியாளர், எச்-1பி விசா. விசா மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கப்படுகிறது. நிரந்தரக் குடியுரிமை அட்டைக்கான விண்ணப்பத்தின் முதல் கட்டம் 2018லேயே முடிந்துவிட்டது. ஆனால் ஒரே நாட்டைச் சேர்ந்தவர்களுக்கு மொத்த அட்டைகளில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியால் இந்தியர்களின் வரிசை நகர்வதில்லை. 2022 இறுதியில் முறை வந்தவர்கள் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் வரிசையில் நின்றவர்கள். ஓட்டுநர் உரிமத்தின் காலம்கூட விசாவோடுதான் முடிகிறது. வீடு வாடகை, விசா தவணை முறை, வண்டி மட்டும் எதற்குச் சொந்தமாக என்று கணவன், மனைவி இருவருமே நினைத்தார்கள். எப்போது கிளம்பச் சொன்னாலும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் அல்லவா?

அந்த மூன்று ஆண்டுகள் எல்லாக் கணக்கையும் புரட்டிப்போட்டன. ஒப்பந்தம் 36,000 மைல் வரை ஓட்ட அனுமதித்தது. தாண்டினால் மைலுக்கு 20 சென்ட் அபராதம். முதல் சில மாதங்கள் மனைவி மைல்மானியைப் பார்த்துப் பார்த்துத்தான் வண்டியை எடுத்தார். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. அலுவலகம் படுக்கையறைக்கு வந்துவிட்டது, வண்டி வாசலிலேயே நின்றது. முடிவில் ஓடியிருந்தது 21,000 மைல். ஓட்டாத 15,000 மைலுக்குக் கழிவு எதுவும் கிடையாது.

இன்னொரு பக்கம், சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார் உற்பத்தி குறைந்து, பழைய கார்களின் விலை ஏறியது. அமெரிக்க அரசின் விலைக் குறியீட்டின்படி 2021 ஜூனில் பழைய கார்களின் விலை முந்தைய ஆண்டு ஜூனைவிட 45 சதவீதம் அதிகம். 2019ல் குத்தகை நிறுவனம் குறித்த முடிவு மதிப்பு 21,280 டாலர். 2022 நவம்பரில், விலைகள் சற்று இறங்கத் தொடங்கிய பிறகும், அதே வண்டிக்கு வெளியார் 28,000 தரத் தயாராக இருந்தார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை மகனுக்கு இருந்தது. சும்மா திருப்பிக் கொடுத்தால் அந்த 6,720 டாலர் நிறுவனத்துக்கு. அது போதாதென்று, வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சிரமத்துக்காக 395 டாலர் கட்டணம் வேறு!

நேராக வெளியாருக்கு விற்கலாமே என்றால் அதற்கும் தடை. 2021லிருந்து சில குத்தகை நிறுவனங்கள் வெளி டீலர்களுக்கு நேரடியாக விற்பதை நிறுத்திவிட்டன. இவர்களுடைய நிறுவனமும் அதில் ஒன்று. முதலில் தன் பெயருக்கு வாங்கி, மாநில விற்பனை வரி 6.625 சதவீதம் கட்டி, அதன் பிறகுதான் விற்க முடியும். வரியோடு சேர்த்து 22,690 டாலர்.

புதுக் குத்தகை பற்றி விசாரித்தபோது ஷோரூம்காரர் மாதம் 640 டாலர் என்றார். வண்டி வர நான்கு மாதமாகும். அமெரிக்க மத்திய வங்கி அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து வட்டியை ஏற்றிக்கொண்டே வந்ததில் மணி ஃபாக்டர் 0.0029 ஆகியிருந்தது. இந்த முறை மகனே பெருக்கினார். கிட்டத்தட்ட 7 சதவீதம்.

அப்படியானால் வாங்கிவிட வேண்டியதுதானே? காகிதத்தில் அப்படித்தான். ஆனால் அந்த வீட்டில் இரவு பேச்சு வேறு மாதிரி இருந்தது. நவம்பர் 9ல் மெட்டா 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதற்குச் சில நாள் முன்பு ட்விட்டரில் பாதிப் பேர் போனார்கள். மகன் வேலை பார்த்த நிறுவனத்திலும் முணுமுணுப்பு தொடங்கியிருந்தது. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு நிறுவனம் விசாவுக்கு மனு போட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். மனைவியின் வேலை அனுமதியும் கணவனின் விசாவைத் தொங்கிக்கொண்டிருப்பது. வங்கியில் இருந்தது 31,000 டாலர். அதில் 22,690ஐ ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு இரண்டு குழந்தைகளோடு இரண்டு மாதம்கூடத் தள்ள முடியாது என்று மனைவி பயந்தார். "நாளைக்கே கிளம்பச் சொன்னால் இந்த வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டா போவோம்?"

அப்பா அதுவரை பேசாமல் இருந்தார். மருமகளைப் பார்த்துத்தான் பேசினார். "கிளம்புவதற்குத்தானம்மா சொல்கிறேன். மூன்று வருஷக் காகிதத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டால், நடுவில் கிளம்ப விடுவானா?"

ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் படித்தார்கள். விடமாட்டான். குத்தகையை நடுவில் முறித்தால் மீதித் தவணைகளில் பெரும்பகுதியும் அபராதமும் கட்ட வேண்டும் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. 2019ல் அதில் கையெழுத்திட்டபோது இருவருமே அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்பது அவர்களாக நினைத்துக்கொண்டது. காகிதம் அப்படிச் சொல்லவே இல்லை.

"மாமா சொல்வது சரி" என்றார் மனைவி. ஆனால் முழுப் பணத்தையும் கொடுக்க ஒப்பவில்லை. கடைசியில் பேரம் மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையில் நடந்தது. கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் 6 சதவீத வட்டிக்கு 12,000 டாலர் கடன், நான்கு ஆண்டு, மாதம் 282. மீதி 10,690 மட்டும் சேமிப்பிலிருந்து. கையில் 20,000 சொச்சம் மிஞ்சியது. வண்டி அவர்கள் பெயருக்கு மாறியது. அப்பாவும் அம்மாவும் ஜனவரியில் நாக்பூர் திரும்பினார்கள். விமான நிலையத்துக்கு அந்த வண்டியிலேயே போனார்கள். குழந்தைகளோடு பின்வரிசையில் உட்காருவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார்.

2023 மார்ச்சில் வேலை போனது. காலை எட்டரைக்கு மின்னஞ்சல், ஒன்பது மணிக்கு கணினி திறக்கவில்லை.

அந்த 60 நாளைப் பற்றிப் பேச இன்றும் இருவருக்கும் பிடிக்கவில்லை. மனைவி சொல்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு திங்கள்கிழமையும் பழைய கார் வாங்கும் கடையிடம் விலை கேட்டு, வந்த தொகையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பார். முதல் வாரம் 25,000 டாலர். கடனில் பாக்கி 11,100 போக 13,900 கையில் நிற்கும். நான்கு பேருக்கு ஒருவழி டிக்கெட்டும், நாக்பூரிலோ புனேயிலோ வீடு பிடித்து ஓர் ஆண்டு பள்ளிக் கட்டணமும் அதற்குள் அடங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். விற்க வேண்டிய தேதியையும் 50ஆம் நாள் என்று குறித்துவிட்டார்கள். கணவன் அந்தச் சீட்டைப் பார்க்காமல்தான் குளிர்பதனப் பெட்டியைத் திறப்பாராம்.

47ஆம் நாள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு. 56ஆம் நாள் விசா மனு பதிவானது. 50ஆம் நாள் வண்டியை விற்றுவிடுவதா, மனு பதிவாகும்வரை பொறுப்பதா என்று வீட்டில் நடந்த சண்டை தனிக் கதை. விற்கவில்லை.

கடனை 2024 இறுதியில் முன்கூட்டியே அடைத்தார்கள். சில வாரம் கழித்து உரிமைச் சான்று தபாலில் வந்தது. பச்சை, ஊதா என்று அச்சடித்த ஒரு தாள். மனைவி அதைப் பாஸ்போர்ட்டுகள் இருக்கும் கோப்பில் வைத்தார். 2025 செப்டம்பரில் எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று திடீர் அறிவிப்பு வந்து, அது புது மனுக்களுக்கு மட்டும் என்று விளக்கம் வருவதற்குள் இருந்த அந்த ஒரு நாள் இடைவெளியில், அவர் அந்தக் கோப்பை எடுத்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

வண்டி இப்போது 70,000 மைல் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்ஆப் அழைப்பில் அப்பா முதலில் கேட்பது எஞ்சின் ஆயில் மாற்றியாயிற்றா என்றுதான். பின்கதவின் பள்ளம் அப்படியே இருக்கிறது. உரிமைச் சான்று வந்த அன்று, மூன்று ஆண்டு குத்தகைக் காலத்திலும் பிறகு கடன் காலத்திலும் "கூடாது, அது நம் வண்டி இல்லை" என்று தடுத்து வைத்திருந்த மகளைக் கூப்பிட்டு அனுமதி கொடுத்தார்கள். பத்து வயதுப் பெண் பின்கண்ணாடியில் மூன்று ஸ்டிக்கர்கள் ஒட்டினாள். ஒன்று கோணலாக விழுந்துவிட்டது. பிய்த்தெடுக்க வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் மனைவி.