நான் என் கட்சியில் இல்லை!

வாடகை வீட்டிலேயே வளர்ந்தவன் நான். மயிலாப்பூர், மந்தைவெளி என்று அப்பா ஐந்து வீடு மாறினார். ‘ஹவுஸ் ஓனர்’ என்றாலே எனக்கு அலர்ஜி. கறுப்புக் கோட்டு மாட்டியதே அவர்களை ஒரு கை பார்க்கத்தான்!

1996-ல் சீனியர் என்னிடம் தந்த முதல் வாடகைக் கேஸ்... ஓனர் தரப்பு!

கச்சேரி ரோடு பக்கம் வீடு. மாடியில் ஓனர். கீழே இருபது வருஷமாக ஒரு ரிடையர்டு பெரியவர். ஓனரின் மனைவிக்கு மூட்டுவலி, படியேற முடியவில்லை. கீழ் போர்ஷன் வேண்டும்.

“மனசு ஒப்பலை சார்” என்றேன்.

“உன் மனசை யாருப்பா கேட்டா? தீர்ப்பு சொல்ல ஜட்ஜ் இருக்கார்!”

பார் கவுன்சில் விதியும் அதேதான். உரிய ஃபீஸ் தந்தால் கேஸை ஏற்கவேண்டும். விசேஷக் காரணம் இருந்தால் மறுக்கலாம். (அப்பாவின் ஐந்து வீடு விசேஷக் காரணமில்லையாம்!) பிற்பாடு, வக்கீல்-போலீஸ் மோதலில் ‘போலீஸ்காரர்களுக்கு ஆஜராக மாட்டோம்’ என்று கோவை வக்கீல்கள் போட்ட தீர்மானம் செல்லாது என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஹவுஸ் ஓனர் எம்மாத்திரம்?

அன்றைய 1960-ம் வருஷ வாடகைச் சட்டத்தில் (2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் வந்துவிட்டது) ஒரு ஷரத்து உண்டு. அதே கட்டடத்தில் இருக்கும் ஓனர் கூடுதல் இடம் கேட்டால், அவருக்குக் கிடைக்கும் வசதி பெரிதா, குடித்தனக்காரர் படப்போகும் கஷ்டம் பெரிதா என்று கோர்ட் எடைபோடும். ஆக, பெரியவரின் கஷ்டத்தைச் சின்னதாக்கிக் காட்டுவது என் வேலை.

ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணை.

“உங்க பையன் அடையாறுல சொந்த ஃப்ளாட் வாங்கியிருக்கார் இல்லையா?”

“ஆமாம்.”

“அங்கே போகலாமே?”

“கூப்பிடலையே, சார்.”

பதில் தெரியாத கேள்வியைக் கூண்டில் கேட்காதே என்பது பாலபாடம். கோட்டை விட்டேன். அதைவிட மோசம், ‘தோற்றுவிடுவோம்’ என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்! என்னை நம்பி ஃபீஸ் கொடுத்த அந்த அம்மா, பின் பெஞ்சில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெட்கமாகிவிட்டது. அன்று ராத்திரி தூங்காமல் ஆர்க்யுமென்ட் தயார் பண்ணினேன். டாக்டர் சர்டிபிகேட், பதினெட்டுப் படி, எல்லாம்.

ஜெயித்தேன்.

வராந்தாவில் பெரியவர் என்னை நோக்கி வந்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

“நல்லா பேசினீங்க தம்பி. மந்தைவெளிப் பக்கம் கீழ் போர்ஷன் காலியிருந்தா சொல்லுங்க. என் சம்சாரத்துக்கும் மூட்டுவலி.”

அப்பாவிடம் சொன்னேன். அவருக்குத் தெரியாத வீட்டு புரோக்கரா? ஒரு மாசத்தில் வீடு பிடித்துவிட்டார். கமிஷனை மட்டும் என் ஃபீஸிலிருந்து எடுத்துக்கொண்டார்!