சித்தம் கலங்கிய கைதி

போர்க்கைதி என்றதும் முள்வேலியும் காவற்கோபுரமும் நம் மனக்கண்முன் எழுகின்றன. அக்கைதி சித்தம் கலங்கியவனாயின் அவனை எங்கே வைப்பது? முதல் உலகப் போரின்போது இங்கிலாந்து ஒரு வழி கண்டது. குற்றம் புரிந்த மனநோயாளிகளுக்கென 1863-இல் திறக்கப்பெற்ற பிராட்மூர் மருத்துவமனையில் ஒரு பகுதியை ஒதுக்கி, மனநிலை திரிந்த ஜெர்மன் போர்வீரர்களை அங்கே தங்கவைத்தது.

எனக்கு அடுத்த போரில் நிகழ்ந்ததே பெருவியப்பு. 1941 மே 10 இரவு, ஹிட்லரின் துணைத்தலைவர் ருடால்ஃப் ஹெஸ் தாமே விமானமோட்டி வந்து, ஸ்காட்லாந்தில் பாராசூட்டில் குதித்தார். சமாதானம் பேச வந்தாராம்! லண்டன் கோபுரத்தில் சில நாள்; பின்பு மிட்செட் என்னும் ஊரில் ஒரு மாளிகை. உணவில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற அச்சம் அவரை விடவில்லை. தம் தட்டைக் கொடுத்துக் காவலதிகாரியின் தட்டை வாங்கிக்கொள்வார். ஜூன் மாதத்தில் மாடிப்படியின் கைப்பிடியைத் தாண்டிக் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். 1942 ஜூனில் அவரை வேல்ஸ் நாட்டு அபர்கவென்னியில், மெயின்டிஃப் கோர்ட் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். காவலரும் உண்டு, மருத்துவரும் உண்டு. காரில் ஏற்றிக்கொண்டு 'வெள்ளைக் கோட்டை' என்னும் பழங்கோட்டைக்கு உலாவவும் அழைத்துச் சென்றார்கள்!

என் நெஞ்சை உறுத்துவது இதுதான். ஜெர்மனியில் 1941 ஆகஸ்டுக்குள் 70,000-க்கும் மேற்பட்ட மனநோயாளிகளும் ஊனமுற்றோரும் ஆறு கொலைக்கூடங்களில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டிருந்தனர். கொன்றது ஹெஸ் தூணாய் நின்ற ஆட்சி. அவருடைய சித்தம் தடுமாறியபோதோ, பகைவர் நாட்டில் அவருக்குக் கட்டில் கிடைத்தது.

"இது நீதியா?" என்று விடுதி நண்பர் ஒருவர் கொதித்தார். தகுதி பார்த்துத்தான் மருத்துவம் தருவதென்றால், அந்தக் கூடங்களை நடத்தியவர்கள் போட்ட கணக்கும் அதுதானே என்றேன். நண்பர் ஒப்பவில்லை. இரவு உணவு ஆறியதுதான் மிச்சம்.

பிறநாட்டைச் சொல்வானேன்? போர் ஏதுமின்றியே நம் நாட்டில், குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் எடுத்துச் சொல்லவேண்டி வந்தது.

ஹெஸ்ஸை 1945 அக்டோபரில் நியூரம்பர்க் விசாரணைக்கு அனுப்பினார்கள். எதுவும் நினைவில்லை என்றிருந்தவர், நவம்பர் 30 அன்று மன்றத்தில் எழுந்து, தம் மறதி நடிப்பே என்று அறிவித்தார். அவரைச் சோதித்த மருத்துவர் சிலர் அதையும் முழுக்க நம்பவில்லை.