சிரிப்பில் மறைந்த காயம்: ஒரு தழுவலை நான் தவறாக வாசித்த கதை

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை மீண்டும் எழுதவேண்டிய நிலை வந்துவிட்டது. நெறியாளர் கேட்டுக்கொண்டதால் அல்ல. அவர் அவ்வியலை ஏற்றுக் கையொப்பமும் இட்டுவிட்டார். சென்ற மாதம் துறை அறையில் பன்னிரண்டு பேர் கூடி நடத்திய ஒரு நாடக வாசிப்பே காரணம்.

வாசித்த நாடகம் ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’. 1960இல் ரோஜர் கார்மன் எடுத்த கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படமே இதன் மூலம். வேறொரு படத்துக்குப் போட்டிருந்த அரங்கில், பெரும்பகுதியை இரண்டே நாளில் படம்பிடித்தார்கள் என்பது திரைப்பட மாணவர் அனைவரும் அறிந்த கதை. ஏழைப் பகுதியொன்றின் பூக்கடையில் வேலை பார்க்கும் சீமோர், மனித இரத்தம் குடித்து வளரும் ஒரு செடியை வளர்க்கிறான். செடி பேசுகிறது, பசிக்கிறது என்கிறது. அவன் பிணங்களைக் கொண்டுவந்து போடுகிறான். வெளிவந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படாத இப்படம், பின்னாளில் தொலைக்காட்சியின் நள்ளிரவுக் காட்சிகள் வழியே தனக்கென ஒரு ரசிகர் கூட்டத்தைத் தேடிக்கொண்டது. (‘கல்ட்’ என்ற சொல்லுக்கு ஈடாகத் தமிழில் ஒரு சொல்லைத் தேடி நான் வீணாக்கிய நாட்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.)

இப்படத்தை ஹோவர்ட் ஆஷ்மன் எழுத்திலும் பாடல்வரிகளிலும், ஆலன் மென்கன் இசையிலும் இசை நாடகமாக்கினார்கள். 1982இல் நியூயார்க்கின் ஒரு சிறிய அரங்கில் தொடங்கி, அதே ஆண்டு ஆர்ஃபியம் அரங்குக்கு மாறி, 1987 வரை 2,209 காட்சிகள் நடந்தது.

என் மூன்றாம் இயலின் வாதம் இதுதான்: மலிவான படத்தின் கரடுமுரடான குரூரத்தை இசை நாடகம் மழுங்கடித்தது; பாடல்கள் கொலையை இனிப்பாக்கின; விளிம்பில் பிறந்த படைப்பு சந்தைக்கு ஏற்ற பண்டமாயிற்று. இவ்வாதத்தை இரண்டு கருத்தரங்குகளில் வாசித்துப் பாராட்டும் பெற்றேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அன்றைய வாசிப்பில் ஆட்ரி என்னும் கடைப்பெண்ணின் பகுதி எனக்கு வாய்த்தது. அவள் மேடைக்கு வரும்போதே ஒரு கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. பிறகு ஒரு கை கட்டுடன் வருகிறது. அவளை அடிப்பவன் அவளுடைய காதலன், ஒரு பல் மருத்துவன். அவள் கூச்சத்தோடு சாக்குச் சொல்லும் இடங்களை நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார்கள். அறையிலிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன். எதிரே இருந்த ஒரு முதுகலை மாணவி மட்டும் பிரதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு ஆட்ரியின் பாடல் வந்தது. எனக்குப் பாட வராது, உரைநடைபோல வாசித்தேன். அவள் காணும் கனவு மிகச் சிறியது: புறநகரில் வேலி போட்ட ஒரு சிறு வீடு, நெகிழி உறை பிரிக்காத நாற்காலிகள், சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி. பிரதியில் இவ்விடமும் நகைச்சுவையாகத்தான் தொடங்குகிறது. ஆனால் பாதியில் அறையின் சிரிப்பு நின்றுபோயிற்று. அடி வாங்கும் ஒருத்தி ஆசைப்படுவது, அடி விழாத ஒரு வீட்டுக்குத்தான் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்கவேண்டும்.

அன்றிரவு விடுதியில் 1960ஆம் ஆண்டுப் படத்தை மீண்டும் பார்த்தேன். பலமுறை பார்த்த படந்தான். அதில் ஆட்ரியின் உடலில் ஒரு காயமும் இல்லை! அவள் சொற்களை மாற்றி மாற்றிப் பேசும் கலகலப்பான பெண். பல் மருத்துவர் வேறொரு கிளைக்கதையின் ஆள். அவளுக்கும் அவருக்கும் உறவே கிடையாது. இறுதியில் அவள் உயிரோடும் இருக்கிறாள். தொடர்பற்றுக் கிடந்த இரு வேடிக்கைகளை இணைத்து அவற்றின் நடுவே ஒரு பெண்ணின் வலியை வைத்தவர் ஆஷ்மன். அதனால் சீமோரின் முதல் குற்றமே மாறிவிடுகிறது. மருத்துவன் முகத்தில் வாயுமூடி சிக்கி மூச்சுத் திணறும்போது சீமோர் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நாமும் அவன் சாகட்டும் என்றே விரும்புகிறோம். படம் நம்மை இவ்வாறு கூட்டாளியாக்கவில்லை. மழுங்கடித்தது என்று நான் எழுதிய படைப்பு, உண்மையில் கூர்மை சேர்த்திருந்தது. இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் படித்த நான் இதைக் காணாமல் போனது எப்படி? கோட்பாடு முன்னதாகவே முடிவைச் சொல்லிவிட்டதால், சான்றுகளை அதற்கேற்பப் பொறுக்கிக்கொண்டேன் என்பதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இசை பற்றியும் ஒரு சொல். கதையைச் சொல்லிச் செல்லும் மூன்று பெண்களின் பெயர்கள் கிறிஸ்டல், ரொனெட், ஷிஃபான். மூன்றும் அறுபதுகளின் பெண் பாடகர் குழுக்களின் பெயர்களிலிருந்து வந்தவை. இந்தக் குழுவினர் கிரேக்க நாடகத்தின் பாடற்குழுவைப்போல எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. செடிக்குக் கறுப்பின இசைமரபின் குரலை அளித்ததிலுள்ள இனச் சிக்கல் தனிக் கட்டுரைக்குரியது. இங்கே தொட்டுவிட்டு நகர்கிறேன்.

முடிவுக்கு வருகிறேன். நாடகத்தில் செடியின் பிடியில் சிக்கிச் சாகும் ஆட்ரி, தன்னை அதற்கே உணவாகக் கொடுத்துவிடும்படி சீமோரிடம் கேட்கிறாள். பசுமையான ஓரிடம் என்ற அவளுடைய கனவுப் பாடலின் மெட்டு அப்போது திரும்ப ஒலிக்கிறது. பசுமை கிடைத்துவிடுகிறது, செடியின் வயிற்றில். ஆர்ஃபியம் அரங்கில் இறுதியில் கூரையிலிருந்து கொடிகள் பார்வையாளர் தலைமேல் இறங்கின. 1986இல் ஃபிராங்க் ஓஸ் இந்நாடகத்தைத் திரைப்படமாக்கியபோதும் இம்முடிவையே எடுத்தார். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்கள் அதனை ஏற்காததால், காதலர் பிழைக்கும் முடிவு மீண்டும் படமாக்கப்பட்டது. மேடையில் செத்தவர்கள் திரை விழுந்தபின் எழுந்து வந்து வணங்குவார்கள், திரைப்படத்தில் அதற்கு வழியில்லை என்பது அவர் தந்த விளக்கம். முதலில் எடுத்த முடிவு 2012இல்தான் வண்ணத்தில் மீட்டு வெளியிடப்பட்டது.

வாசிப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த மாணவி அருகே வந்தாள். “அக்கா, அவனே செத்துப்போன பிறகும் அவள் ஏன் தன்னைக் கொடுத்துவிடுகிறாள்?” என்று கேட்டாள். தழுவல் கோட்பாட்டிலிருந்து ஏதோ தொடங்கினேன். அவள் தலையசைத்துக் கேட்டாள், நன்றி சொன்னாள், போய்விட்டாள்.

அடுத்த பருவத்தில் சில காட்சிகளை நடித்துப் பார்க்கலாம் என்று குழுவில் பேச்சு. ஆட்ரியாக நடிக்க அவளே பெயர் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் இயலின் புதிய வரைவில் இதுவரை நான்கு பக்கங்கள் ஆகியிருக்கின்றன.