சரிசமமான ஆட்டத்தில் தோற்பது

சதுரங்கம் பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது ஓப்பனிங்கைத்தான். மாத்தளையில் ஞாயிறு காலைகளில் என்னிடம் வருகிறவர்களும் அப்படித்தான். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். யூடியூப்பில் பார்த்த பொறி ஒன்று மனப்பாடமாக இருக்கும். எதிரே இருப்பவர் ஐந்தாவது நகர்த்தலில் வேறு எதையாவது ஆடிவிட்டால் கை அந்தரத்தில் நின்றுவிடும்.

ஓப்பனிங் எதற்காக என்பதை அவர்களுக்குக் காட்ட, 2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் ஆடிய ஆட்டத்தைத்தான் நான் மறுபடி மறுபடி பலகையில் வைக்கிறேன். உலகக் கிண்ணப் போட்டியல்ல, உலகச் சம்பியன் பட்டத்துக்கான நேருக்கு நேர் மோதலின் 14ஆவது ஆட்டம். அதுவரை இருவருக்கும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. அதுவும் சமநிலையில் முடிந்திருந்தால் மறுநாள் வேக ஆட்டங்கள். முந்தைய ஆண்டு அஸ்தானாவில் டிங் பட்டத்தை வென்றதே வேக ஆட்டத்தில்தான். ஆகவே வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்த அவருக்குச் சமநிலை கசப்பானதாக இருந்திருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவருடைய முதல் நகர்த்தலைப் பார்க்க வேண்டும்.

குதிரையை எஃப்3இல் வைத்தார். அடுத்து ஜி3, மந்திரி ஜி2. நடுப்பலகையைக் கருப்புக்கு விட்டுக்கொடுத்து, தூரத்திலிருந்து அதைத் தாக்கும் ஏற்பாடு. கருப்புக்காரர்கள் ஆடும் குரூன்ஃபெல்ட் தற்காப்பை ஒரு நகர்த்தல் கூடுதலாக வைத்துக்கொண்டு வெள்ளை ஆடுவது போன்றது. கோழைத்தனமான தொடக்கம் என்று இதைச் சொல்லவே முடியாது. நன்றாக ஆடினால் கருப்பைத் திணறடிக்கலாம். ஆட்டத்தின் நடுப்பகுதியில் டிங்கின் நிலை வசதியாகவே இருந்தது. ஆனால் அந்த வசதியை அவர் அழுத்தமாக மாற்றவில்லை. காய்களை மாற்றிக்கொண்டே போனார். 30ஆவது நகர்த்தலில் ராணிகளும் பலகையை விட்டுப் போயின. ஒரு சிப்பாயையும் விட்டுக்கொடுத்திருந்தார். ஆளுக்கொரு யானை, ஒரு மந்திரி. ராஜா பக்கத்தில் கருப்புக்கு மூன்று சிப்பாய்கள், வெள்ளைக்கு இரண்டு. தற்காத்துவிடலாம் என்று எந்தப் புத்தகமும் சொல்லும் நிலைதான். கணினியும் அதையே சொன்னது.

இந்த இடத்தில்தான் உக்குவளையிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “மெஷின் பூச்சியம்தானே காட்டுது சேர், அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?”

நியாயமான கேள்வி. இருவரும் பிழையே விடாமல் ஆடினால் ஆட்டம் எப்படி முடியும் என்பதைத்தான் அந்தப் பூச்சியம் சொல்கிறது. பிழை விடக்கூடிய ஆள் யார் என்பதை அது சொல்லாது. அந்த நிலையில் குகேஷ் எதை ஆடினாலும் பெரிதாகத் தோற்கப் போவதில்லை. டிங்கோ ஒவ்வொரு நகர்த்தலிலும் ஏதாவதொன்றைக் காப்பாற்றியாக வேண்டும். பத்து, பதினைந்து நகர்த்தல் என்றால் சமாளிக்கலாம். இரண்டரை வாரமாக ஆடிக் களைத்த மனிதர், மணிக்கணக்காக அதையே செய்துகொண்டிருக்க வேண்டும் என்றால்? மலையேறும்போது முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் ஒரே தூரம்தான் நடக்கிறார்கள். மூட்டை ஒருவர் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். யானைகளை மாற்றிக்கொண்டால் தொல்லை குறையும் என்ற எண்ணம், அன்று முழுக்க அவரை நடத்திய அதே எண்ணம். ஆனால் அவருடைய மந்திரி ஏ8 மூலையில் இருந்தது. மூலையில் இருக்கும் மந்திரிக்கு ஒரே ஒரு மூலைவிட்டப் பாதைதான். யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை டி5இல் வைத்து அந்தப் பாதையை மறித்தார். தப்ப வழியில்லை, மந்திரிகளும் மாறியே தீர வேண்டும். மிஞ்சியது இரண்டு கருப்புச் சிப்பாய்க்கு ஒரு வெள்ளைச் சிப்பாய், நல்ல இடத்தில் நிற்கும் கருப்பு ராஜா. 58ஆவது நகர்த்தலோடு டிங் கையை நீட்டிவிட்டார். ஏழரைக்கு ஆறரை. பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சம்பியன்.

அன்றிரவு பலரும் அந்த ஒரு நகர்த்தலைப் பற்றியே பேசினார்கள். உலகச் சம்பியன் இப்படி ஒரு பிழை விடலாமா என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு வருத்தமாக இருந்தது. ஏனென்றால் டிங் துணிவில்லாதவர் அல்ல. முதல் ஆட்டத்தைப் பாருங்கள். பல மாதங்களாக நீண்ட நேர ஆட்டம் ஒன்றைக்கூட வெல்லாமல் சிங்கப்பூர் வந்தவர் அவர். குகேஷ் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும், டிங் பிரெஞ்சு தற்காப்பைத் தேர்ந்தார். அஸ்தானாவில் எதிரே ஆடிய நெப்போம்னியாச்சியிடம் அவர் ஒரு ஆட்டத்தைத் தோற்றது இதே தற்காப்பில்தான். அந்தத் தழும்போடு மறுபடி அதையே எடுத்து, கருப்புக் காய்களோடு 42 நகர்த்தலில் வென்றார். அதே மனிதர்தான் கடைசி ஆட்டத்தில் நல்ல தொடக்கத்தை அமைத்துவிட்டு, அதன் பலனைக் கேட்டு வாங்காமல் விட்டவர். ஓப்பனிங் பத்தாவது நகர்த்தலில் முடிந்துவிடுவதில்லை என்று நான் நம்புவது இதனால்தான். எந்த நோக்கத்தோடு தொடங்குகிறோமோ அந்த நோக்கம் 55ஆவது நகர்த்தல்வரை கூடவே வருகிறது.

குகேஷைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் விஷ்ணு பிரசன்னாவிடம் பழகிய காலத்தில், நெடுநாள் அவர் கணினியின் உதவியைத் தொடாமலே பயின்றார். தானே யோசி, தானே கணக்கிடு என்பதுதான் அந்தப் பயிற்சி. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் மலைச்சரிவில் சிக்னல் வந்தால்தான் என்றிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். கணினி இல்லாததால் எல்லாம் போய்விட்டது என்று அவர்கள் நினைக்கக் கூடாது. வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், கேட்டு வாங்கவும் வேண்டும். ஆனால் ஒரு மரப்பலகையும் எதிரே உட்கார ஒரு ஆளும் இருந்தால், சதுரங்கத்தின் பெரும்பகுதியை நாமே கண்டுபிடித்துவிடலாம். அதற்காகவே, போனில் அந்த 14ஆவது ஆட்டத்தை ஓடவிடும்போது கணினியின் எண் காட்டும் பக்கத்தை ஒரு தாள் துண்டால் மூடிவிடுகிறேன். இந்த நிலையில் நீங்கள் யாராக இருக்க விரும்புவீர்கள் என்று கேட்கிறேன். ராணிகள் போனபின் வெள்ளையாக இருக்க ஒருவரும் முன்வரவில்லை. பூச்சியம் என்று காட்டிய நிலையில்தான் இது.

அடுத்து 11ஆவது ஆட்டத்தை எடுக்கிறோம். குகேஷ் தொடக்கத்திலேயே பி4 என்று ஓரச் சிப்பாயின் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளி, பழகிய பாதையை விட்டு விலகியது அதில்தான். டிங் தன் நான்காவது நகர்த்தலுக்கே அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் பலகையை நிறுத்தி, பிள்ளைகளுக்கும் அதே அளவு நேரம் கொடுக்கப் போகிறேன். யார் எதை ஆடுவார்கள், ஏன் என்று எழுதித் தர வேண்டும்.