மேலயா, கீழயா?

பொள்ளாச்சியில் பாலக்காடு ரோட்டை ஒட்டி இருந்த அந்த புல்லட் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினால், என்ன கோளாறு என்று மெக்கானிக் பாய் உடனே கேட்கமாட்டார். "மேலயா, கீழயா?" என்பார். மேலே என்றால் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறும் வால்பாறை. கீழே என்றால் ஆனைமலை, உடுமலை, கோவை என்று சமமாகக் கிடக்கும் ஊர்கள். எஸ்டேட்காரர்கள் கீழே உள்ளதை எல்லாம் சேர்த்து 'நாடு' என்பார்கள். மலைக்காரரும் நாட்டுக்காரரும் ஒரே வண்டியை வைத்திருந்தார்கள், ஒரே பட்டறைக்கு வந்தார்கள். அந்த வண்டியை இரண்டு இடத்துக்கும் ஒரேமாதிரி விட்டுவைப்பது பாய்க்குப் பிடிக்காது.

அடுத்த கேள்வி, "பின்னாடி யாரு உக்காருவாங்க?" பால் கேனா, வீட்டம்மாவா, யாருமில்லையா என்பதைப் பொறுத்துச் செயின் சக்கரத்தின் பல் மாறும்.

பழைய புல்லட்டில் பின்சக்கரத்துப் பல்லில் கைவைக்க முடியாது. 38 பல்லும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. பல் தேய்ந்தால் டிரம்மோடு தூக்கிப்போட வேண்டியதுதான். ஆகவே மாற்றக்கூடியது கியர் பாக்ஸ் தண்டில் இருக்கும் முன் பல்சக்கரம், பட்டறைப் பேச்சில் முன் பிராக்கெட், ஒன்றுதான். அது 16, 17, 18 என்று கிடைக்கும். ஒரு பல் குறைத்தால் வண்டிக்கு இழுவை கூடும், வேகம் குறையும்; ஒரு பல் கூட்டினால் நேர் எதிர். எஞ்சினில் 25 பல், கிளட்ச்சில் 56 பல், டாப் கியரில் நேர்ப்பிடி என்று கணக்குப் போட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 16 பல்லுக்கு நிமிடத்துக்கு 2,600 சுற்றை ஒட்டியும், 18 பல்லுக்கு 2,300 சுற்றை ஒட்டியும் ஓடும். இந்தக் கணக்கை நான் கல்லூரியில் படிக்கும்போது போட்டுப் பார்த்தேன். பாய் போட்டதே இல்லை. அவருக்கு அது காதில் இருந்தது.

அப்பாவின் வண்டி ராணுவ ஏலத்தில் வந்தது. மேலே கறுப்புச் சாயம்; டேங்க் மூடியைச் சுற்றிச் சுரண்டினால் பச்சை தெரியும். இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டை வாங்கியதால்தான் 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியே தொடங்கப்பட்டது, பிறகு திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. எல்லைக் காவலுக்கு என்று எடுத்த வண்டி கடைசியில் பொள்ளாச்சிச் சந்தைக்கு வெல்லமும் தேங்காயும் சுமக்க வந்து சேர்ந்தது ஒரு வேடிக்கை. எங்கள் வண்டியில் 17 பல் இருந்தது. அப்பா மின்வாரியத்தில், அப்போது வேலை பொள்ளாச்சியிலேயே. பாதை எல்லாம் தென்னந்தோப்புக்கு நடுவே நேர்க்கோடு. பாய் 18 போட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு வண்டி சத்தம் போடுவதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது. தட்-தட் என்று ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எண்ணலாம். சிறுவனாக டேங்கின்மேல் உட்கார்ந்து, நெஞ்சில் அந்த அடிகளை வாங்கிக்கொண்டே கோவிந்தாபுரம் வரை போய்வந்தது இன்னும் உடம்பில் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் அப்பாவைக் காடம்பாறைக்கு மாற்றினார்கள். அட்டகட்டியிலிருந்து உள்ளே திரும்பிப் போகவேண்டும். மலையைக் குடைந்து கட்டிய நீரேற்று மின்நிலையம் அது. நான்கு எந்திரம், மொத்தம் 400 மெகாவாட். மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் தண்ணீர் கீழே மேல் ஆழியாறு அணைக்கு இறங்கும். தேவை குறைந்த இரவில் அதே தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றிவிடுவார்கள். அப்பாவும் ஏறத்தாழ அப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். 18 பல்லோடு முதன்முதலாக மலை ஏறிய வண்டி, குரங்கு அருவி தாண்டியதுமே ஒவ்வொரு வளைவிலும் முதல் கியரைக் கேட்டது. ஊர் திரும்பியதும் நேராகப் பட்டறைக்கு.

பல் மாற்றுவதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடக்கூடாது. ராஜ்தூத்துக்கோ ஆர்எக்ஸ் நூறுக்கோ என்றால் ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் முன் பிராக்கெட் தெரியும். புல்லட்டில் அது கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். முதலில் இடது பக்கத்து ஃபுட்ரெஸ்ட் கழற்ற வேண்டும். பிரேக் மிதியும் இடது பக்கம் என்பதால் அதையும். பிறகு அந்தப் பெரிய அலுமினிய மூடி. அவ்வளவு நீள மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டு பிடித்துக்கொண்டிருக்கும். அதைத் தளர்த்தியதும் ஆயில் விளிம்பெல்லாம் வழியும். கீழே வெட்டிய டின் தட்டு வைத்திருப்பார்கள். உள்ளே இரட்டை வரிசைச் செயின், கரண்டு காயில், கிளட்ச் கூடை. கூடையை எடுக்கப் புல்லர் வேண்டும்; அதைப் பாய் சாக்குத் துணியில் சுற்றித் தனியே வைத்திருப்பார், பையன்கள் தொடக்கூடாது. கூடைக்கும் பின்னால் உள்மூடி. அதுவும் போனபிறகுதான் பிராக்கெட்.

பிராக்கெட்டின் நட்டைத் திருகும்போது எல்லாரும் வேலைக்கு வரவேண்டும். ஒருவர் பின்சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, பாய் நீளக் குழாயை ஸ்பானரில் செருகி உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுப்பார். எனக்குச் சக்கரத்தைப் பிடிக்கும் வேலை கிடைக்கும். உண்மையில் என் பிடியால் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்குப் பின்னால் இன்னொருவர் பிடித்திருப்பார். "தம்பி விட்றாத" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார் பாய்.

16 பல் ஏறியது. சின்ன பல் என்பதால் செயின் தொங்கும். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் பூட்டி, ஆயில் ஊற்றி, ஆம்ப்ஸ் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து உதைக்கும்போது மத்தியானம் தாண்டியிருக்கும். பாய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மீட்டரைப் பார்க்காமல் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்பார். மீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் பல் மாற்றினாலும் அது வேகத்தைத் தப்பாகக் காட்டாது. ஆனாலும் அவர் நம்பியது சத்தத்தைத்தான்.

ஏறுவதற்காகப் பல்லைக் குறைத்தோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இறக்கத்துக்காக என்று அப்பா பின்னால் சொன்னார். மலைமேல் கவர்க்கல் பக்கம் பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு முன்னால் ஒன்றும் தெரியாது, சாலை எப்போதும் ஈரம். இரண்டு பக்கமும் டிரம் பிரேக். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடி விட்டுப்போகும். 16 பல்லில் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; ஆழியாறு வரை பிரேக்குக்கு அதிக வேலை இருக்காது. கீழே வந்து சமதளத்தில் ஏறியதும் அதே வண்டி எழுபதுக்குமேல் கத்தும், கைப்பிடி நடுங்கும். அப்பா அதைப் பொறுத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை கோவை போய்வந்த எஸ்டேட் கண்டக்டர் ஒருவரால் பொறுக்க முடியவில்லை. பாயோடு பேரம் பேசி 17இல் நின்றார். பாதி மலை, பாதி நாடு.

டீசல் புல்லட்டுக்காரர்கள் தனி ஜாதி. டாரஸ் என்ற பெயரில் வந்த 325 சிசி வண்டி. கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சின், ஆறரை குதிரைத்திறன். குடிக்கும் எண்ணெய் கொஞ்சம் என்பதால் பால்காரர்களும் தோட்டக்காரர்களும் ஆசைப்பட்டார்கள். மேலே ஓட்ட வேண்டும் என்று யாராவது டீசலைக் கொண்டுவந்தால் பாய் பல் பெட்டியைத் திறக்கவே மாட்டார். "இதுக்குப் பல்லு இல்லீங்க, வேற எஞ்சின்தான் வேணும்" என்று அனுப்பிவிடுவார்.

செயின் இல்லாமல் தண்டால் ஓடும் வண்டிகளும் உலகத்தில் உண்டு என்று நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து. பழைய பி.எம்.டபிள்யூ இரட்டை சிலிண்டர் வண்டிகளில் ஒரு பல் கூட்டுவது, குறைப்பது என்ற பேச்சே கிடையாது; பின்சக்கரத்தை ஒட்டிய பல்பெட்டியையே முழுதாக மாற்ற வேண்டும். பெட்டியின்மேல் 33/11, 37/11 என்று பல் கணக்கைப் பொறித்திருப்பார்கள். நெடுஞ்சாலைக்கு ஒன்று, கல்லும் மண்ணும் ஏற இன்னொன்று. அந்த வண்டிக்காரர்களிலும் சிலர் பழைய வண்டிகளிலிருந்து பெட்டியைத் தேடி எடுத்து மாற்றிக்கொள்வார்களாம். பாயிடம் சொன்னால், "ஒரு பல்லுக்கு ஒரு பெட்டியா?" என்று சிரித்திருப்பார். சொல்லுமுன் அவர் போய்விட்டார். மகன்கள் அந்த இடத்தில் டைல்ஸ் கடை வைத்தார்கள். நல்ல வியாபாரம்.

புல்லட்டுக்கு ஐந்து கியர் வந்தது, வலது காலில் இருந்த கியர் இடது காலுக்குப் போனது, பழைய இரும்பு எஞ்சினே நின்றுபோனது. மலைக்கு ஒரு கியர் கூடுதலாக இருக்கும்போது பல்லைப் பற்றி யார் பேசுவார்கள்? இன்றைய வண்டிகளில் முன் பிராக்கெட் பெரும்பாலும் ஒரு சின்ன மூடிக்குள்தான் இருக்கிறது, அரை மணி நேர வேலை. ஷோரூமில் என்னிடம் நிறம் கேட்டார்கள், தவணை எத்தனை மாதம் என்று கேட்டார்கள். எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்கவில்லை. குறை சொல்லவில்லை, எங்கே ஓட்டினாலும் வண்டி போகத்தான் செய்கிறது.

அப்பா ஓய்வுபெற்றபின் இடது கியர் வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடிக்க நினைத்து இடது காலை அழுத்துவார், கியர் மாறும். கியர் மாற்ற வலது காலை அழுத்துவார், வண்டி நின்றுவிடும். முப்பது வருஷப் பழக்கம், கால் மாறவில்லை. கடைசியில் ஸ்கூட்டர் வாங்கிக்கொடுத்தேன். இதற்குக் கியரே மாற்ற வேண்டாம், உள்ளே ஒரு பெல்ட் இருக்கிறது, மேடு வந்தால் அதுவே இழுவையைக் கூட்டிக்கொள்ளும், சமதளம் வந்தால் குறைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். ஆழியாறு வரை ஓட்டிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார். "ஆனா யாரக் கேட்டு மாத்துது?"